ஏர்வாடி, குணசீலம் போய் வந்தவர்கள் எழுதுங்கள்

முதுகுளத்தூரான்:
அண்ணனுக்கு மனநோய் மறுபடி முற்றியதும் அம்மா ஏர்வாடி தர்காதான் என்றுவிட்டார். அங்கே அடங்கியிருக்கிற பாவா கனவில் வந்து உத்தரவு தரும்வரை ஊருக்குக் கிளம்பக்கூடாது என்ற கணக்கெல்லாம் உங்களுக்கே தெரியும். மதுரை டாக்டர் கொடுத்த மாத்திரை பையில் கிடந்தது. விஷம் என்று அண்ணன் தொடவே இல்லை, இட்லிக்குள் வைத்தாலும் கண்டுபிடித்துத் துப்புவான். தர்காவில் தண்ணீர் ஓதிக்கொடுத்த லெப்பை, “மாத்திரை எதுவும் இருக்காம்மா?” என்று அவராகவே கேட்டார். அட்டையை வாங்கி அதன் மேலும் ஓதி ஊதினார். “இப்ப இதுவும் பாவா கொடுத்ததுதான், முழுங்கு தம்பி.” அண்ணன் வாயைத் திறந்தான்! தவாவும் துவாவும், அதாவது மருந்தும் வேண்டுதலும் சேர்ந்தே நடக்கட்டும் என்று, அங்கே அரசு டாக்டர் உட்காரும் அறைக்கும் அவர்தான் கூட்டிப்போனார்.

சாயல்குடி செல்வம்:
2001 ஆகஸ்ட் 6 உங்களுக்கு மறந்துவிட்டதா? ஏர்வாடி காப்பகத்தில் சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் தீயில் செத்தார்கள். என் மாமா அங்கே வேறொரு காப்பகத்தில் இருந்தார். அரசாங்கம் எல்லாவற்றையும் மூடியபோது போய்க் கூட்டிவந்தோம். கணுக்காலில் வளையம் கிடந்த இடம் கறுத்துக் காய்த்துப்போயிருந்தது. குளிப்பாட்டும்போது கடைசிவரை அங்கே மட்டும் சோப்புப் போட விடமாட்டார்.

முதுகுளத்தூரான்:
அவை தனியார் காப்பகங்கள் சார். தர்கா வேறு.

சாயல்குடி செல்வம்:
தர்கா பேரைச் சொல்லித்தானே ஆள் சேர்த்தார்கள்?

முசிறி மீனா:
சண்டை வேண்டாமே. நாங்கள் போனது குணசீலம் பெருமாள் கோயில், அக்காவோடு ஒரு மண்டலம் தங்கினோம். முகத்தில் தீர்த்தம் அடிப்பார்களே, அந்த அடியில் அக்கா குபீரென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! மாத்திரையும் கூடவே ஓடியது, எது கேட்டது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அப்புறம், படிக்கிறவர்களுக்கு ஒன்று. கோயிலோ தர்காவோ போங்கள், ஆனால் டாக்டர் சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். தெளிந்துவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, மருந்து இலவசம். ராத்திரியில் முற்றினால் அரசு மனநல உதவி எண் 14416க்கு அடியுங்கள், தமிழில் பேசுவார்கள். 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடுவதே குற்றம், யார் போட்டாலும் புகார் கொடுங்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கும் எழுதிப்போடுங்கள், அலையவிடுவார்கள், விடாதீர்கள். முக்கியமாக, பார்த்துக்கொள்கிறவர் நேரத்துக்குத் தூங்க வேண்டும்.

முதுகுளத்தூரான்:
அக்கா, மாற்றுத்திறனாளி அட்டையெல்லாம் எப்போதோ வாங்கியாச்சு. என் பிரச்சினை வேறு. புது மாத்திரை அட்டை வாங்கும்போதெல்லாம் ஓதி ஊதினால்தான் போடுவேன் என்கிறான் அண்ணன். அந்த லெப்பை இப்போது அங்கே இல்லையாம். மாதாமாதம் ஏர்வாடிக்கு அலைய வசதியும் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கலாமா, இல்லை குலசாமி பூசாரியே திருநீறு போட்டு ஊதினால் ஒத்துக்கொள்வானா? செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.