டெம்பரன்ஸ் சீட்டு ஏன் துலாத்திற்கு உரியதாக இல்லை?

வெண்பிறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜோதிடத்தைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். படச்சீட்டுகளைக் கொண்டு குறி பார்க்கும் டாரோ பக்கம் வந்தது அண்மையில்தான். 1909இல் வந்த ரைடர்–வெயிட் சீட்டுக்கட்டை எதிரில் வைத்துக்கொண்டு, மேஜர் அர்கானா எனப்படும் 22 பெரிய சீட்டுகளுக்கும் உரிய ராசி, கிரகம் அல்லது பூதத்தை (நெருப்பு, நீர், காற்று) நோட்டில் எழுதி வந்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். டெம்பரன்ஸ் (நிதானம்) சீட்டில் இறக்கையுள்ள தேவதை ஒரு காலை நீரிலும் மறு காலைக் கரையிலும் ஊன்றி, ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்கு நீரை ஊற்றிக்கொண்டிருக்கிறது. சமநிலை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தச் சீட்டு தராசைச் சின்னமாகக் கொண்ட துலாத்திற்குத் தரப்படாமல் தனுசுக்குத் தரப்பட்டிருக்கிறது. துலாத்திற்கு வாய்த்தது ஜஸ்டிஸ் (நீதி).

இன்னொரு ஐயமும் உண்டு. லவ்வர்ஸ் சீட்டையும் டெவில் சீட்டையும் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒரு பெரிய உருவம், கீழே ஓர் ஆணும் பெண்ணும் என்று ஒன்றுக்கு மற்றொன்று எதிர்ப்படமாகவே தெரிகிறது. ஆனால் ஒன்று மிதுனம், மற்றொன்று மகரம். மிதுனத்திற்கு மகரம் எட்டாமிடமே தவிர, நேர் எதிரான ஏழாமிடம் அன்று. எதிரெதிர்களும் அவற்றின் சமநிலையும்தான் ஜோதிடத்தையும் டாரோவையும் இணைக்கின்றன என்று பலரும் சொல்கிறார்கள். அந்த இணைப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது காட்ட முடியுமா?

ஏழாம்பார்வை எழுதியது:

ஒரு சீட்டை அதன் ராசியோடு மட்டும் பொருத்திப் பார்க்கும் வரை இந்தக் குழப்பம் தீராது. அதற்கு நேர் ஏழாம் ராசியின் சீட்டையும் எடுத்து அருகில் வையுங்கள். மேஷம்–துலாம் எம்பரரும் ஜஸ்டிஸும். ரிஷபம்–விருச்சிகம் ஹைரோஃபன்டும் டெத்தும். மிதுனம்–தனுசு லவ்வர்ஸும் டெம்பரன்ஸும். கடகம்–மகரம் சாரியட்டும் டெவிலும். சிம்மம்–கும்பம் ஸ்ட்ரெங்த்தும் ஸ்டாரும். கன்னி–மீனம் ஹெர்மிட்டும் மூனும். இந்த ஆறு இணைகளையும் மேசையில் பரப்பிவிட்டால் உங்கள் கேள்வி தானாகவே வேறு வடிவம் பெறும்.

எம்பரரும் ஜஸ்டிஸும் இருவருமே சிவப்பு அங்கி அணிந்து, கல் இருக்கையில், நம்மை நேராகப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார்கள். எம்பரரின் இருக்கையில் ஆட்டுக்கிடாத் தலைகள் செதுக்கப்பட்டுள்ளன, அவர் ஆணையிடுபவர். ஜஸ்டிஸின் கையில் வாளோடு தராசும் இருக்கிறது. அந்த ஆணை இன்னொருவர் மேல் விழும்போது என்ன எடை பெறுகிறது என்று பார்ப்பவர் அவர். நம் ஜோதிடம் இதே கோட்டில்தான் சூரியனை மேஷத்தில் உச்சமாகவும் துலாத்தில் நீசமாகவும், சனியை அதற்கு நேர்மாறாகவும் வைத்திருக்கிறது.

இப்போது மிதுனம்–தனுசுவைப் பாருங்கள். மிதுனத்தில் இரண்டு என்பது இரண்டாகவே நிற்கிறது: இருவர், இரு வழிகள், அவற்றுள் ஒரு தேர்வு. தனுசில் அந்த இரண்டும் இரு கிண்ணங்களாகி ஒரே நீராகக் கலக்கின்றன. தராசின் இரு தட்டுகளில் வைத்தவை ஒருபோதும் கலப்பதில்லை. ஆகவே எடைபோட்டு வரும் சமநிலை ஒன்று, கலந்து வரும் சமநிலை வேறொன்று. நாம் இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால்தான் டெம்பரன்ஸைத் துலாத்தில் தேடுகிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நெருப்பு ராசிக்கு எதிரில் எப்போதும் காற்று ராசியே வரும். நில ராசிக்கு எதிரில் நீர் ராசியே வரும். டாரோவில் பூதங்களைக் கொண்டு சீட்டுகளின் உறவைப் பார்ப்பவர்கள் பகையாகக் கொள்வது நெருப்பையும் நீரையும், காற்றையும் நிலத்தையும். இந்தப் பகைச் சோடிகள் ராசிச் சக்கரத்தில் ஒருபோதும் 180 பாகையில் சந்திப்பதில்லை. எதிரில் நிற்பது நட்புப் பூதமே. சம சப்தமத்தை, அதாவது ஏழாமிட எதிர்நிலையை, பகையாகவே படித்துப் பழகியவர்கள் இதைச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும்.

பழஞ்சீட்டு எழுதியது:

மேலே உள்ள விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் காரணமும் விளைவும் அதில் இடம் மாறியிருக்கின்றன என்று கருதுகிறேன். டாரோ 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகத் தோன்றியது. அதில் எகிப்திய ஞானம் ஒளிந்திருப்பதாகக் கூர் தெ ஜெபெலின் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1781இல் எழுதிய பிறகே மறைபொருள் தேடும் பழக்கம் பரவியது. இன்று நாம் பயன்படுத்தும் ராசிப் பொருத்தமோ 1888இல் லண்டனில் தொடங்கப்பட்ட கோல்டன் டான் என்ற மறைஞான அமைப்பினர் வகுத்தது. அவர்கள் படங்களைப் பார்த்துப் பொருத்தவில்லை. எபிரேய எழுத்துகள் 22, சீட்டுகளும் 22. அவ்வெழுத்துகளில் பன்னிரண்டு ராசிகளுக்கு உரியவை என்பது பழைய எபிரேய மரபு. எழுத்து வரிசையைச் சீட்டு வரிசையின் மேல் வைத்தார்கள். பதினான்காம் சீட்டின் மேல் தனுசு விழுந்தது. வெண்பிறை அவர்களின் முதல் கேள்விக்கு நேரான விடை இதுதான்.

ஆனால் ஓரிடத்தில் அவர்களே தங்கள் வரிசையை உடைத்தார்கள் என்பதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மார்செய் எனப்படும் பழைய பிரெஞ்சு பாணிக் கட்டுகளில் ஜஸ்டிஸின் எண் 8, ஸ்ட்ரெங்த்தின் எண் 11. அப்படியே விட்டிருந்தால் தராசு ஏந்திய பெண் சிம்மத்திற்கும், சிங்கத்தை அடக்கும் பெண் துலாத்திற்கும் போயிருப்பார்கள். அதைச் சகிக்க முடியாமல் இரண்டையும் இடம் மாற்றினார்கள். 1909இல் வெயிட்டின் திட்டப்படி பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த ரைடர்–வெயிட் கட்டில் அந்த மாற்றம் எண்களிலேயே ஏறிவிட்டது.

லவ்வர்ஸ்–டெவில் ஒற்றுமையும் அந்தக் கட்டின் வேலைதான். மார்செய் கட்டின் லவ்வர்ஸில் ஓர் ஆண் இரு பெண்களுக்கு நடுவே நிற்கிறான். அங்கே டெவிலின் சாயல் இல்லை. டெவிலின் எண்ணான 15இன் இலக்கங்களைக் கூட்டினால் லவ்வர்ஸின் எண்ணான 6 வருவதையும் சேர்த்துக்கொண்டு 1909இல் ஓவியத்தில் உண்டாக்கிய எதிர் அது. ராசிச் சக்கரத்தின் எதிரோடு அது ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு: இந்தப் பொருத்தம் முழுவதும் மேலைநாட்டார் பயன்படுத்தும் சாயன ராசிகளுக்கானது. நாம் கணிப்பது நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்ட நிராயன முறையில். இடையே ஏறக்குறைய 24 பாகை வித்தியாசம் (அயனாம்சம்) இருக்கிறது. ஜாதகத்தில் உள்ள ராசியை அப்படியே எடுத்து ‘இதுதான் உங்கள் சீட்டு’ என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

ஏழாம்பார்வை எழுதியது:

வரலாற்றை ஒப்புக்கொள்கிறேன். பொருத்தம் மனிதர் செய்தது என்பதால் அதைப் படிக்கக் கூடாது என்றாகாது. அவ்வளவே என் தரப்பு. மேலும், 1909இன் கட்டை வரைந்தவர்களுக்கு அந்தப் பொருத்தம் தெரிந்திருந்தது. அதனால் சிறு சீட்டுகளில் எதிர் இணைகள் இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன. நான்கு வகைச் சிறு சீட்டுகளில் 2 முதல் 10 வரையிலான 36 சீட்டுகளும், ராசிக்கு மூன்றாகப் பத்துப் பத்துப் பாகை கொண்ட 36 திரேக்காணங்களுக்கு உரியவை (திரேக்காண அதிபதிகள் நம் முறையிலிருந்து வேறுபடுவார்கள்). நான்கு இரண்டுகளும் சர ராசிகளின் (மேஷம், கடகம், துலாம், மகரம்) முதல் பத்துப் பாகைகள். மேஷத்திற்கு டூ ஆஃப் வாண்ட்ஸ்: ஒருவன் கையில் உலக உருண்டையோடு மதில்மேல் நின்று கடலைப் பார்க்கிறான். எதிரில் துலாத்திற்கு டூ ஆஃப் சோர்ட்ஸ்: கண் கட்டிய பெண், குறுக்கே பிடித்த இரு வாள்கள், கடல் அவள் முதுகுக்குப் பின்னால். ஒருவன் பார்ப்பதை மற்றவள் பார்க்க மறுக்கிறாள்.

கடகத்திற்கு டூ ஆஃப் கப்ஸ். இருவர், ஆளுக்கொரு கிண்ணம். மகரத்திற்கு டூ ஆஃப் பென்டகிள்ஸ். ஒரே ஆள், இரண்டு காசுகள், பின்னால் கப்பல்கள் அலையில் ஏறி இறங்குகின்றன. கூட்டுத் தொழிலைத் தொடர்வதா என்று கேட்ட ஒருவருக்கு இவ்விரண்டும் அடுத்தடுத்து வந்தன. ‘நல்ல சீட்டா, கெட்ட சீட்டா?’ என்றார். இரண்டில் எந்தப் படத்தில் தாம் இப்போது இருப்பதாக நினைக்கிறார் என்று திருப்பிக் கேட்டேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, இரண்டு காசுகளையும் தாமே சுழற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அதன் பின் பேச்சு பங்காளியைப் பற்றித்தான் நடந்தது.

வெண்பிறை எழுதியது:

இருவருக்கும் நன்றி. தனுசு ஏன் என்பதற்கு விடை எழுத்து வரிசையில் இருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனாலும் இன்று காலை ஹெர்மிட்டையும் மூனையும் எதிரெதிரே வைத்துப் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. (மூன் என்று பெயர் இருந்தாலும் அது மீனத்தின் சீட்டு, சந்திரனுக்குரியது ஹை பிரீஸ்டஸ் என்பதைப் பிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.) ஹெர்மிட் மலைமேல் விளக்கை ஏந்தி நிற்கிறார். மூன் சீட்டில் இரு கோபுரங்களுக்கு இடையே பாதை நீள்கிறது. நாயும் ஓநாயும் ஊளையிடுகின்றன, நீரிலிருந்து நண்டு போன்ற ஒன்று ஏறி வருகிறது, பாதையில் மனிதர் ஒருவரும் இல்லை. புதன் கன்னியில் உச்சம், மீனத்தில் நீசம் என்று எத்தனையோ முறை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன். விளக்கோடு ஒருவரும், விளக்கே இல்லாத ஒரு பாதையும் என்று அதைக் கண்ணால் பார்த்தது இதுவே முதல் முறை.

ஹைரோஃபன்டையும் டெத்தையும் இன்று இரவு எடுக்கப் போகிறேன். சந்திரனின் உச்சமும் நீசமும் அந்தக் கோட்டில்தான் வருகின்றன.