புதுச்சேரி பீச் ரோடு காலை ஓட்டம் குழு: வருஷக் கணக்கு

[இரவு 8:04] அரியாங்குப்பம் தம்பி: இந்த வருஷ ரேஸ் நாலையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். பாத்து சொல்லுங்க.
ஜனவரி, சென்னை ஹாஃப் (அரை மாரத்தான், 21.1 கி.மீ): 2:04:30
பிப்ரவரி, ஆரோவில் ஹாஃப்: வாட்ச்சுல 2:19
ஏப்ரல், பெங்களூரு 10கே: 54:50
ஆகஸ்ட், ஹைதராபாத் ஹாஃப்: 2:09:10
ஆரோவில்ல விட்டுட்டா ஹைதராபாத்தான் மோசம். வர்ற ஜனவரி சென்னையில 2 மணிக்குள்ள வரணும். எதைச் சரி பண்ணணும்?

[இரவு 8:09] லாஸ்பேட்டை டீச்சர்: மார்க் ஷீட்டுல டோட்டல் மட்டும் காட்டுறியே தம்பி. எந்தப் பாடத்துல மார்க் போச்சுன்னு எப்படித் தெரியும்? ரிசல்ட் பக்கத்துல உன் பிப் நம்பரை (மார்புல குத்துற நம்பர்) போட்டா 5 கி.மீ, 10 கி.மீ ஸ்ப்ளிட் (ஒவ்வொரு துண்டுக்கும் ஆன நேரம்) வரும். அதை எடு. கன் டைமை (ரேஸ் ஆரம்பிச்சதுல இருந்து எண்ணறது) எடுக்காத, சிப் டைமை (நீ கோட்டைத் தாண்டுனதுல இருந்து எண்ணறது) எடு. கூடவே வாட்ச்சுல இருந்து ஹார்ட் ரேட், அன்னைக்கு ஸ்டார்ட் நேரத்து டியூ பாயிண்ட் (காத்துல எவ்வளவு ஈரம்னு காட்டுற டிகிரி).

[இரவு 8:10] வில்லியனூர் அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[இரவு 8:31] அரியாங்குப்பம் தம்பி: சென்னை: 5கே 27:40, அடுத்த 5கே 28:50, அடுத்த 5கே 29:50, மிச்சம் 38:10. ஹார்ட் ரேட் 166, 171, 174, 177. வெயில் 22 டிகிரி, டியூ பாயிண்ட் 20.
ஹைதராபாத்: முதல் 10கே 60:40, மிச்சம் 68:30. ஹார்ட் ரேட் 160-ல ஆரம்பிச்சு 168-ல முடிஞ்சுது. 23 டிகிரி, டியூ பாயிண்ட் 22.

[இரவு 8:38] உப்பளம் கோச்: இப்பதான் ரேஸ் கண்ணுக்குத் தெரியுது. சென்னையில முதல் 10 கி.மீ 5:39 பேஸ், அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 39 செகண்ட். மிச்சம் 11.1 கி.மீ 68 நிமிஷம், அதாவது 6:08. கிலோமீட்டருக்கு 29 செகண்ட் விழுந்திருக்கு, எட்டரை சதவீதம். ஹைதராபாத்ல 6:04, அப்புறம் 6:10. ரெண்டு சதவீதம்கூட இல்ல.
டைம் 4 நிமிஷம் 40 செகண்ட் கூட ஆனாலும் ஹைதராபாத்ல நீ ஓடுனதுதான் நல்ல ஓட்டம். சரி பண்ண வேண்டியது சென்னையை.

[இரவு 8:40] அரியாங்குப்பம் தம்பி: அது எப்படி கோச் சார்? பத்து டிகிரி வித்தியாசம் இல்லையே, ஒரு டிகிரிதான.

[இரவு 8:46] உப்பளம் கோச்: வெயில் டிகிரியை விடு, டியூ பாயிண்ட்டைப் பாரு. வேர்வை ஆவியானாத்தான் உடம்பு குளிரும். காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருந்தா வேர்வை சொட்டும், ஆவியாகாது. நம்ம கடற்கரையில மே மாசம் விடியக்காலை 5 மணிக்கே பனியன் பிழியற மாதிரி ஆகுதே, அதுதான். இங்க நாம வச்சிருக்கிற கைக்கணக்கு: டியூ பாயிண்ட் 20 தாண்டுனா ஒவ்வொரு டிகிரிக்கும் கி.மீக்கு 3 செகண்ட். ஹைதராபாத் சராசரி 6:07. ரெண்டு டிகிரிக்கு 6 செகண்ட் கழிச்சா 6:01. ஹைதராபாத் பாதையில ஏறுன மேம்பாலங்களுக்குத் தனியா கழிச்சா சென்னை சராசரி 5:54-க்குப் பக்கத்துல வந்து நிக்குது. ரெண்டும் ஒரே தரம், ஒண்ணு ஒழுங்கா ஓடுனது, ஒண்ணு முன்னாடியே செலவழிச்சது.

[இரவு 8:52] மஞ்சக்குப்பம் மாமா: ஹைதராபாத் ஒழுங்கா வந்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஜூன், ஜூலை முழுக்க இங்க கச்சான் காத்துல (மேற்கத்திக் காத்து) பயிற்சி. கடல்காத்து மதியம் தாண்டித்தான் வரும், அனல். உடம்பு வெக்கைக்குப் பழக 10-லருந்து 14 நாள் ஆகும். ரத்தத்துல நீர்ப் பங்கு கூடும், வேர்வை சீக்கிரம் வரும், அதுல உப்பு குறையும். ஆனா ரெண்டு மூணு வாரம் வெக்கை இல்லாம இருந்தா அந்தப் பழக்கம் போயிடும். டிசம்பர் மழையில ஓடிட்டு ஜனவரியில போறவங்க அந்த லாபம் இல்லாமத்தான் போறாங்க. ஜனவரி விடியல் குளிர்ச்சியா இருக்கேன்னு வேகமா கிளம்பிடுறாங்க, 7 மணி வெயில்ல மாட்டுறாங்க.

[இரவு 8:57] லாஸ்பேட்டை டீச்சர்: தம்பி, ஹார்ட் ரேட்டைப் படிக்கத் தெரிஞ்சுக்கோ. பேஸ் விழுது, துடிப்பு ஏறுதுன்னா பெரும்பாலும் சூடு, நீர் குறைவு, இல்ல ஆரம்ப வேகம். பேஸும் விழுது துடிப்பும் இறங்குதுன்னா கால்ல சக்தி இல்ல, மாவுச்சத்து தீர்ந்துடுச்சு, இல்ல லாங் ரன் (நீண்ட தூரப் பயிற்சி ஓட்டம்) போதாது. உன் சென்னைக் கணக்குல 166-லருந்து 177 வரை ஏறிக்கிட்டே போகுது. முதல் 5கே 5:32 பேஸ்ல போனதுதான் குத்தம்.

[இரவு 9:02] உப்பளம் கோச்: ரெண்டு தூரத்துக்கு நடுவுல ஒரு சூத்திரம் இருக்கு. பீட்டர் ரீகல்னு அமெரிக்கப் பொறியாளர் 1977-ல எழுதுனது. தூர விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்தி டைமால பெருக்கணும். 10கேல இருந்து ஹாஃபுக்கு 2.2064. உன் 54:50-க்கு 2:00:59 வருது. அதாவது 5:44 பேஸ். சென்னையில நீ 5:32-ல கிளம்பியிருக்க.

[இரவு 9:05] லாஸ்பேட்டை டீச்சர்: கோச் சார், இங்க ஒத்துக்க மாட்டேன். ஏப்ரல் 10கேயை வச்சு ஜனவரி ஹாஃபை அளக்கக் கூடாது. நடுவுல மூணு மாசம் பயிற்சி நடந்திருக்கு. பெங்களூரு 900 மீட்டர் உசரம் வேற. இந்தச் சூத்திரம் அதே மாசத்துல ஓடுன ரெண்டு தூரத்துக்குத்தான் சரி. அதோட லாங் ரன் பழக்கம் இருக்கிறவங்களுக்குத்தான்.

[இரவு 9:09] உப்பளம் கோச்: நியாயம். அப்போ பழைய ரேஸைக் குத்தம் சொல்ல வேணாம், வர்ற ரேஸுக்கு வச்சுக்கலாம். டிசம்பர் கடைசி வாரம் பீச் ரோட்ல ஒரு 10கே டெஸ்ட். 2 மணிக்குள்ள வரணும்னா அதுல 54:23 வரணும். வந்தா 2 மணிக்கு முயற்சி பண்ணு. 55 தாண்டுனா 2:02-க்குத் திட்டம் போடு.

[இரவு 9:13] மஞ்சக்குப்பம் மாமா: டெஸ்ட் போடறப்ப வாடைக்காத்தை மறந்துடாதீங்க. பீச் ரோடு தெற்கு வடக்கா இருக்கு. டிசம்பர்ல வடகிழக்குல இருந்து அடிக்கும். வடக்க போறப்ப எதிர்காத்து, தெற்க வர்றப்ப முதுகுல தள்ளும். தள்ளுறது நிறுத்துறதை முழுசா ஈடுகட்டாது. ஒவ்வொரு லேப்பும் போக வர சேர்த்துக் கணக்கு பாக்கணும், ஒரு பக்கத்தை மட்டும் பாத்து பேஸை மாத்தக் கூடாது. கடலூர்ல தேவனாம்பட்டினம் ரோட்டுல ஓடுனா போகும்போது கடலைப் பாத்து, வரும்போது ஊரைப் பாத்து. அங்க காத்து சாய்வா வரும், டெஸ்டுக்கு அது பரவாயில்ல.
காலை 7:30-க்கு பீச் ரோட்ல வண்டி விட்டுடுவாங்க. 5:30-க்கே ஆரம்பிச்சுடணும்.

[இரவு 9:16] அரியாங்குப்பம் தம்பி: வாட்ச்ல சென்னை 21.34 கி.மீ காட்டுச்சு. பேஸ் 5:50-ன்னு. நீங்க 5:54 சொல்றீங்க?

[இரவு 9:24] உப்பளம் கோச்: எல்லாரும் ஏமாறுற இடம் இது. பாதையை அளக்கறப்ப சைக்கிள் சக்கரத்துல கவுண்டர் மாட்டி, வளைவுகள்ல ஓரத்துல இருந்து 30 செ.மீ தள்ளி, சாத்தியமான மிகக் குறுகின கோட்டுல அளப்பாங்க. அளவு குறைஞ்சிடக் கூடாதுன்னு கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சேர்ப்பாங்க. நாம அந்தக் கோட்டுல ஓடறதில்ல. தண்ணி மேசைக்கு ஒதுங்குறோம், கூட்டத்தைச் சுத்திப் போறோம், வளைவுல வெளிப்பக்கமா போறோம். கட்டடங்களுக்கு நடுவுல ஜிபிஎஸ்ஸும் ஆடும். எல்லாம் சேர்ந்து 200, 250 மீட்டர்.
அதனால 2 மணி நேரத்துக்கு உண்மையான பேஸ் 5:41. உன் வாட்ச் 21.34 காட்டும்னா அதுல 5:37 வரணும். வாட்ச்ல 5:41-ன்னு பாத்துக்கிட்டே நிம்மதியா ஓடுறவங்கதான் 2:01-ல வந்து நிப்பாங்க. ஆட்டோ லேப்பை (வாட்ச் தானா கி.மீ பிரிக்கிறது) ஆஃப் பண்ணிட்டு ரோட்டோர கி.மீ போர்டுல பட்டனை அழுத்து. வளைவு வந்தா அடுத்த வளைவோட உள்பக்கத்தைப் பாத்து நேரா போ.

[இரவு 9:28] முத்தியால்பேட்டை மெடிக்கல் அக்கா: எவ்வளவு குடிச்ச, என்ன குடிச்ச, எதுவுமே எழுதலையே தம்பி.

[இரவு 9:29] அரியாங்குப்பம் தம்பி: சென்னையில தண்ணி ரெண்டு கப். ஹைதராபாத்ல ஓ.ஆர்.எஸ் அரை லிட்டர் போல, ஒரு எனர்ஜி ஜெல்.

[இரவு 9:41] முத்தியால்பேட்டை மெடிக்கல் அக்கா: அப்போ வேர்வைக் கணக்கு போட்டாகணும். ஓடறதுக்கு முன்ன யூரின் போயிட்டு, துணி இல்லாம எடை பாரு. ரேஸ் பேஸ்ல 1 மணி நேரம் ஓடு. குடிச்சதை அளந்து வை. வந்ததும் உடம்பைத் துடைச்சுட்டு அதே மெஷின்ல திரும்ப எடை. நனைஞ்ச டி-ஷர்ட்டோட ஏறுனா அந்த ஈரமும் எடையில வந்து கணக்கே தப்பிடும்.
உதாரணம்: முன்ன 68.4, பின்ன 67.2, குடிச்சது 300 மில்லி. 1.2-ம் 0.3-ம் சேர்த்து மணிக்கு ஒன்றரை லிட்டர். மொத்தத்தையும் ஓடும்போதே ஈடுகட்ட முடியாது, வயிறு தாங்காது. மணிக்கு 500 முதல் 700 மில்லி, சின்னச் சின்ன வாயா போதும். ஓடி முடிக்கிறப்ப எடை ரெண்டு மூணு சதவீதம் குறைஞ்சிருந்தா பரவாயில்ல. கூடியிருந்தா ஆபத்து. வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே போனா ரத்தத்துல சோடியம் இறங்கும். விரல் வீங்கும், தலைவலி, வாந்தி, அப்புறம் குழப்பம். அப்படி இருக்கிறவங்களுக்கு மேல மேல தண்ணி குடுக்கக் கூடாது, மெடிக்கல் டென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்.

[இரவு 9:47] முத்தியால்பேட்டை மெடிக்கல் அக்கா: ஓ.ஆர்.எஸ் கலக்குறதுல பாதிப் பேர் தப்பு பண்றாங்க. பெரிய பாக்கெட் முழுசும் 1 லிட்டர் தண்ணிக்கு. அரை லிட்டர் பாட்டில்ல முழுசா கொட்டுனா அடர்த்தி ரெண்டு மடங்கு, வயித்தால போகும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 1 லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. பாக்கெட்டுல இந்தக் கணக்கு இருக்கான்னு படிச்சுட்டு வாங்கு. டப்பாவுல வர்ற இனிப்பு ஜூஸை எல்லாம் ஓ.ஆர்.எஸ்னு போட்டு வித்துக்கிட்டிருந்தாங்க. அந்தப் பேரைப் போடக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபர்ல உத்தரவு போட்டுச்சு. பழைய பழக்கத்துல அதையே கேட்டு வாங்காத.
இளநீர் ஓடி முடிச்ச அப்புறம். அதுல பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி. வேர்வையில போறது சோடியம். உப்பு போட்ட மோர் அதைவிடப் பொருத்தம்.

[இரவு 9:52] லாஸ்பேட்டை டீச்சர்: ஜெல்லைப் பத்தியும் சொல்லிடறேன். ஒரு ஜெல்லுல 20, 25 கிராம் மாவுச்சத்து. ஹாஃபுக்கு 40-வது நிமிஷம் ஒண்ணு, 80-வது நிமிஷம் ஒண்ணு. வெறும் தண்ணியோடதான். ஓ.ஆர்.எஸ்ஸோட சேர்த்தா வயித்துல கெட்டியாகி பிடிச்சு இழுக்கும். ஓ.ஆர்.எஸ்ல குளுக்கோஸ் இருக்கேன்னு ஜெல்லை விட்டுடாத, லிட்டருக்கு 13.5 கிராம் எந்த மூலைக்கு? பேரீச்சை ஒத்துக்கிட்டா அதுவும் சரிதான், கொட்டை எடுத்து வச்சுக்கணும். கடலைமிட்டாய் வேணாம், எண்ணெய்ச்சத்து சீக்கிரம் செரிக்காது, வாயும் வறண்டு தொண்டையில நிக்கும். எதுவா இருந்தாலும் மூணு லாங் ரன்லயாவது பழகியிருக்கணும்.

[இரவு 9:55] வில்லியனூர் அண்ணன்: ஷூ?

[இரவு 9:58] உப்பளம் கோச்: 500 கி.மீ தாண்டுனதும் கவனிக்கணும், 800-க்கு மேல வேணாம். எந்த ரேஸ் எந்த ஷூ, அன்னைக்கு எத்தனை கி.மீ ஓடியிருந்துச்சுன்னு ஷீட்டுல ஒரு கட்டம் போடுங்க. மழையில நனைஞ்சா உள்பட்டையை எடுத்துட்டு பேப்பர் திணிச்சு நிழல்ல காயவைக்கணும். மொட்டை மாடி வெயில்ல வச்சா பசை விட்டுடும்.

[இரவு 10:01] அரியாங்குப்பம் தம்பி: ஆரோவில்லை எப்படி எழுதறது? அங்க டைமிங்கே கிடையாது.

[இரவு 10:08] மஞ்சக்குப்பம் மாமா: சிப் இல்ல, பரிசு இல்ல, ஓடற சந்தோஷத்துக்குன்னே 2008-லருந்து நடத்துறாங்க. அதுல டைம் கட்டத்தைக் காலியா விடு. செம்மண் பாதை, மரவேர், குழி, சில இடத்துல மணல். ரோட்டு பேஸோட ஒப்பிடவே முடியாது. அதுக்குப் பதிலா சராசரி துடிப்பு, கடைசி 5 கி.மீல நடந்தியா ஓடுனியா, எத்தனை தடவை இடறுன, மறுநாள் கணுக்கால் எப்படி, இதை எழுது. இடறல் எல்லாம் கடைசியில குவிஞ்சிருந்தா கால் தூக்குறது குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். கெண்டைக்காலுக்கும் இடுப்புக்கும் வேலை குடுக்கணும். என் கணக்குல உன் நாலு ரேஸ்லயும் அதிகம் கத்துக்கிற ரேஸ் அதுதான்.

[இரவு 10:10] லாஸ்பேட்டை டீச்சர்: மாமா சொல்றது சரி. ஹைதராபாத் மாதிரி ஏத்தத்துக்கும் அந்தப் பக்கம்தான் பயிற்சி. புதுச்சேரி தட்டை. பெரிய முதலியார்சாவடியில ஈ.சி.ஆர்ல இருந்து குயிலாப்பாளையம் ஏறுற ரோட்டுல விடியக்காலை வண்டி கம்மி. ஏத்தத்துல பேஸைப் பாக்காம மூச்சைப் பாத்து ஏறணும். இறக்கத்துல விட்டதைப் பிடிக்கிறேன்னு பாயக் கூடாது, தொடை முன்பக்கம் போயிடும்.

[இரவு 10:17] உப்பளம் கோச்: சென்னைக்குத் திட்டம் இதுதான் தம்பி, டெஸ்ட் சரியா வந்தா. முதல் 5 கி.மீ 5:45, அதாவது 28:45. அப்புறம் கடைசி வரைக்கும் 5:40. கூட்டிப் பாரு, 1:59:58. போன தடவையைவிட முதல் 5 கி.மீ 65 செகண்ட் மெதுவா. உன்னைத் தாண்டி நிறைய பேர் போவாங்க, போகட்டும். எல்லாம் போர்டு பேஸ், வாட்ச் பேஸ் இல்ல. அன்னைக்கு டியூ பாயிண்ட் 22 இருந்தா கி.மீக்கு 6 செகண்ட் சேர்த்துக்கோ, 2 மணியை அன்னைக்கு விட்டுடு. பிப்பை மடிக்காம முன்பக்கம் குத்து, சிப் அதுலதான் இருக்கு. திரும்புற இடத்துல சிப்பைப் படிக்கிற விரிப்பை மிதிக்காம போனா ரிசல்ட்ல பேரே வராது.

[இரவு 10:19] அரியாங்குப்பம் தம்பி: சரி கோச் சார். ஷீட்டுல டியூ பாயிண்ட், ஸ்ப்ளிட், துடிப்பு, குடிச்சது, ஷூ கி.மீ, அஞ்சு கட்டமும் சேர்த்துடறேன்.

[இரவு 10:21] முத்தியால்பேட்டை மெடிக்கல் அக்கா: காத்து எந்தப் பக்கம்னு ஆறாவது கட்டம். ஞாயித்துக்கிழமை வேர்வைக் கணக்கு எல்லாரும் போடலாம். எடையை அவங்கவங்க வீட்லயே பாத்துட்டு வாங்க, போனதும் குளிக்கறதுக்கு முன்னாடி அதே மெஷின்ல திரும்பப் பாருங்க. தூரமா இருக்கிறவங்க வழியில எதுவும் குடிக்காம போங்க, குடிச்சா அதையும் சேர்த்து எழுதுங்க.

[இரவு 10:22] வில்லியனூர் அண்ணன்: 5:15, காந்தி சிலை. அளவு போட்ட பாட்டில் ஆறு என்கிட்ட இருக்கு, எடுத்துட்டு வர்றேன்.