நெட்டை வேணும்னே ஸ்லோ பண்ற ஐஎஸ்பி: நிரூபிக்க வேண்டியது யாரு?

மழைக்குருவி:
ஐஎஸ்பி, அதாவது நமக்கு நெட் கொடுக்குற கம்பெனி, நம்ம டிராஃபிக்கை பிளாக் பண்ணாலோ ஒரு குறிப்பிட்ட ஆப்பை மட்டும் த்ராட்டில் (வேணும்னே ஸ்லோ) பண்ணாலோ ரெகுலேட்டர் (இவங்களைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு) கம்ப்ளைன்ட் வரட்டும்னு உக்காந்திருக்கக்கூடாது, தானே அளந்து பாக்கணும்ங்கிறது என் கட்சி. 2007ல அமெரிக்காவுல காம்காஸ்ட்ங்கிற கேபிள் கம்பெனி பண்ணதை எடுத்துக்கோங்க. டொரண்ட்ல (யூசருங்க தங்களுக்குள்ள நேரடியா ஃபைல் பகிர்ற முறை) அப்லோட் போய்ட்டு இருக்கும்போதே நடுவுல புகுந்து ரெண்டு பக்க கம்ப்யூட்டருக்கும் "எதிராளி கனெக்‌ஷனை முடிச்சுட்டான்"னு சொல்ற மாதிரி போலி ரீசெட் பேக்கெட் (பேக்கெட்னா நெட்ல போற சின்ன டேட்டா துண்டு) அனுப்புனாங்க, ரெண்டும் அதை நம்பி துண்டிச்சுக்கும், யூசருக்குத் தெரியுறது "ஏதோ நெட் சரியில்ல" அவ்ளோதான். கண்டுபிடிச்சது ரெகுலேட்டரா? கிடையாது. பேக்கெட்டை ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்த ஒரு கஸ்டமர். அப்புறம் அக்டோபர்ல அசோசியேட்டட் பிரஸ்காரங்க காப்பிரைட் பிரச்சினையே இல்லாத பைபிள் ஃபைலை வச்சு டெஸ்ட் பண்ணி செய்தி போட்டாங்க. அமெரிக்க ரெகுலேட்டரான எஃப்சிசியோட உத்தரவு வந்தது 2008 ஆகஸ்ட்ல. ஃபைன் ஒரு டாலர் கூட இல்ல.

டவர்_ஆளு:
நான் நெட்வர்க் ஆபரேஷன்ஸ்ல வேலை பாக்குறவன், அதனால மறுபக்கத்தையும் சொல்லியாகணும். போலி ரீசெட் அனுப்புனது தப்பு, அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா அன்னிக்கு இருந்த பிரச்சினை பொய் இல்ல. கேபிள் நெட்வர்க்ல ஒரு ஏரியா வீடுங்க எல்லாம் ஒரே லைனைப் பங்கு போடுது, அதுலயும் அப்லோடுக்கு ஒதுக்குன இடம் ரொம்பச் சின்னது, நாலு பேர் ராப்பகலா அப்லோட் விட்டா மிச்சப் பேரோட வாய்ஸ் கால் தெறிச்சுப் போகும். எல்லா பேக்கெட்டையும் ஒரே மாதிரி நடத்துன்னு சொல்றது கேக்க நல்லாருக்கும், ஆனா ஃபைல் டவுன்லோட் அரை செகண்ட் காத்திருந்தா யாருக்கும் தெரியாது, கால் காத்திருந்தா பேச்சே புரியாது. ஸ்பேமைத் தடுக்க, டிடாஸ் அட்டாக்கை (ஏகப்பட்ட டிராஃபிக்கை ஒரே நேரத்துல அனுப்பி முடக்குறது) நிறுத்தன்னு தினமும் எதையாவது பிளாக் பண்ணித்தான் ஆகணும். ரெகுலேட்டர் தலைமேல நின்னா இன்ஜினியர் எதையும் தொடவே பயப்படுவான்.

சந்தை_வாசி:
அதேதான். பிடிக்கலைன்னா வேற கம்பெனிக்கு மாறிட்டுப் போங்க. கஸ்டமர் போயிட்டா தானா திருந்துவாங்க, இதுக்கு எதுக்கு ரூல்?

மழைக்குருவி:
மாறணும்னா முதல்ல உங்களை த்ராட்டில் பண்றாங்கன்னு தெரியணுமே அண்ணே! ஆப் ஸ்லோவா இருந்தா ஜனங்க திட்டுறது அந்த ஆப்பைத்தான், ஐஎஸ்பியை இல்ல. எனக்கே வீடியோ கால் மட்டும் ராத்திரி ஆனா இழுக்கும், ஸ்பீட் டெஸ்ட் போட்டா ஃபுல் ஸ்பீட் காட்டும், வீபிஎன் (டிராஃபிக் என்னன்னு ஐஎஸ்பிக்குத் தெரியாம மறைச்சு வேற சர்வர் வழியா அனுப்புறது) போட்டா கால் சரியாயிடும். கஸ்டமர் கேர்ல கேட்டா ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்றாங்க. இதை வச்சு நான் எங்க போய் என்னன்னு நிரூபிக்கிறது? மாறுறதுக்கு இன்னொரு கம்பெனியே இல்லாத இடங்க எவ்ளோ இருக்கு, அது தனிக் கதை.

டவர்_ஆளு:
வீபிஎன் போட்டா சரியாகுதுங்கிறது மட்டும் சாட்சி ஆகாது. வீபிஎன் வேற ரூட்ல போகும், நெரிசலான இன்டர்கனெக்ட்டைத் தாண்டிப் போயிருக்கலாம். ரெண்டு நெட்வர்க் சேர்ற இடத்துல கெப்பாசிட்டி பத்தலைன்னாலும் அச்சு அசலா இதே அறிகுறிதான் இருக்கும்.

மழைக்குருவி:
நீங்க சொல்றதே என் பாயின்ட்தான். உள்ள இருக்கிற உங்களால மட்டும்தான் எது எதுன்னு பிரிக்க முடியும். அப்போ நிரூபிக்கிற பொறுப்பை வெளிய இருக்கிறவன் தலைல ஏன் கட்டுறாங்க?

வழக்கறிஞர்_மணி:
நடுவுல வரேன். ரெகுலேட்டர் நினைச்சா மட்டும் போதாது, சட்டத்துல அதிகாரம் இருக்கணும். காம்காஸ்ட் உத்தரவை 2010 ஏப்ரல்ல வாஷிங்டன் அப்பீல் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. காம்காஸ்ட் பண்ணது சரின்னு கோர்ட் சொல்லல, இதைக் கேக்க எஃப்சிசிக்கு அதிகாரம் இல்லன்னு சொல்லுச்சு. எஃப்சிசி புதுசா ரூல் போட்டாங்க, 2014 ஜனவரில வெரைசன்ங்கிற டெலிகாம் கம்பெனி போட்ட வழக்குல அதுலயும் முக்கியமான பகுதி போச்சு. 2015ல பிராட்பேண்டை டெலிபோன் சர்வீஸ் மாதிரி வகைப்படுத்தி பலமான ரூல் கொண்டுவந்தாங்க, 2017 டிசம்பர்ல ஆட்சி மாறுனதும் எடுத்துட்டாங்க, 2024ல திரும்பக் கொண்டுவந்தாங்க, 2025 ஜனவரில இன்னொரு அப்பீல் கோர்ட் அதையும் அடிச்சுடுச்சு. இதுக்கெல்லாம் முன்னாடி 2005ல மேடிசன் ரிவர்னு ஒரு சின்ன டெலிபோன் கம்பெனி இன்டர்நெட் கால் சர்வீஸை பிளாக் பண்ணப்போ விஷயம் சட்டுனு முடிஞ்சது, 15,000 டாலர் கட்டி, இனிமே பண்ண மாட்டோம்னு எழுதிக் கொடுத்தாங்க. அது டெலிபோன் கம்பெனி, அதுமேல எஃப்சிசிக்கு இருந்த பிடி கேபிள் கம்பெனிமேல இல்ல.

சந்தை_வாசி:
பாத்தீங்களா, இத்தனை வருஷம் கோர்ட்டுக்கும் ஆபீஸுக்கும் அலைஞ்சதுதான் மிச்சம். காம்காஸ்ட் மாறுனது ஊரே கேள்வி கேட்டதாலதான், கோர்ட்டால இல்லையே.

டவர்_ஆளு:
மாறுனதையும் சொல்லிடுறேன், பலருக்குத் தெரியாது. 2008 முடியறதுக்குள்ள டொரண்டா வீடியோவான்னு பாக்குறதையே விட்டுட்டாங்க. லைன் நெரிசலா இருக்கும்போது அந்த நேரத்துல யார் அதிகமா இழுக்குறாங்களோ அவங்க டிராஃபிக்குக்கு மட்டும் கொஞ்ச நேரம் முன்னுரிமை குறையும், நெரிசல் போனதும் பழையபடி ஆயிடும். ஆர்எஃப்சி 6057ங்கிற இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணத்துல எல்லாமே எழுதி வச்சிருக்கு. இதுக்கு ஆப் என்னன்னு தெரியவே வேணாம். நல்ல இன்ஜினியரிங்னா இதுதான்.

மழைக்குருவி:
ஆனா எப்போ பண்ணாங்க? மாட்டுனதுக்கப்புறம்! ஊர் கேள்வி கேட்டுச்சுன்னு சந்தை_வாசி சொல்றார், ஆனா 2008 உத்தரவுல என்ன பண்றீங்கன்னு எழுதிக் கொடு, வருஷம் முடியறதுக்குள்ள நிறுத்துன்னு கெடு வச்சது எஃப்சிசி. அந்தக் கெடு இல்லாம ஆர்எஃப்சியும் வந்திருக்காது.

எனக்குப் பிடிச்ச வழி கனடாவோடது. அங்கயும் ஆரம்பம் மோசம்தான், 2008ல பெல் கனடா தன்கிட்ட மொத்தமா வாங்கி விக்கிற சின்ன ஐஎஸ்பிங்களோட டிராஃபிக்கையும் சேத்து த்ராட்டில் பண்ணப்போ அந்த நாட்டு ரெகுலேட்டரான சிஆர்டிசி அவங்க புகாரைத் தள்ளிடுச்சு. ஆனா அடுத்த வருஷமே பொது விதி போட்டாங்க. கஸ்டமருக்கு முன்கூட்டியே சொல்லணும், புகார் வந்தா இந்த த்ராட்டில் ஏன் தேவைன்னு ஐஎஸ்பிதான் விளக்கணும். அப்புறம் ரோஜர்ஸ்ங்கிற இன்னொரு ஐஎஸ்பியோட கதை, டொரண்டைக் குறிவச்ச சிஸ்டம் ஆன்லைன் கேமையும் சேத்து அமுக்குது, விளையாடுறவங்க புகார் போட்டாங்க, சிஆர்டிசி விடாம கேட்டுச்சு, 2012ல ரோஜர்ஸ் த்ராட்டிலிங்கையே படிப்படியா நிறுத்துறோம்னு அறிவிச்சாங்க. கேம் டிராஃபிக்கையும் டொரண்டையும் அவங்க மெஷினாலயே பிரிக்க முடியல, இதுல ஒரு சாதாரண யூசர் எப்படிப் பிரிச்சு நிரூபிப்பான்?

வழக்கறிஞர்_மணி:
இந்தியாவையும் சேத்துக்கோங்க. இங்க டெலிகாம் ரெகுலேட்டரான டிராய் 2016 பிப்ரவரில ஆப்புக்கு ஆப்பு வேற ரேட் போடக்கூடாதுன்னு தடை போட்டுச்சு, மீறினா நாளுக்கு 50,000 ரூபா, அதிகபட்சம் 50 லட்சம். பெரிய கம்பெனிக்கு அந்த 50 லட்சம் ஒரு தொகையே இல்ல. 2018ல பிளாக், த்ராட்டில் பண்ணக்கூடாதுங்கிறது லைசென்ஸ் நிபந்தனையாவே வந்துச்சு, அதுதான் பலம், ஏன்னா பயம் லைசென்ஸ்மேல. மீறலை யார் அளக்குறதுன்னா, அதுக்கு ஒரு அமைப்பு வேணும்னு 2020ல டிராயே பரிந்துரை பண்ணுச்சு.

டவர்_ஆளு:
சரி, பொறுப்பு எங்க பக்கம் இருக்கட்டும், எந்த பாலிசி எந்த நேரத்துல ஓடுச்சுன்னு லாக் (பதிவு) எங்ககிட்ட இருக்கு, ரெகுலேட்டர் கேட்டா கொடுக்கலாம். ஆனா எல்லாரும் பாக்குற மாதிரி பப்ளிக்கா போட ஒத்துக்க மாட்டேன், அட்டாக் பண்றவனுக்கு எங்க லிமிட் எங்க இருக்குன்னு நாங்களே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும்.

மழைக்குருவி:
டிடாஸ் ஃபில்டர் விவரத்தை மறைச்சுக்கோங்க, அது நியாயம். ஆனா எந்த வகை டிராஃபிக்கை, எந்த நேரத்துல, எவ்ளோ குறைச்சீங்கன்னு கஸ்டமருக்குத் தெரியணும். காசு கட்டுறது அவன்தானே. ரெகுலேட்டர் மட்டும் பாத்தா போதும்னு சொன்னா, 2007ல அந்தக் கஸ்டமர் பாக்கலைன்னா இந்த விஷயம் வெளிய வந்தே இருக்காதுங்கிறதை மறந்துடுறோம்.

டவர்_ஆளு:
வகை, நேரம், அளவு மட்டும்னா யோசிக்கலாம். ஐபி ரேஞ்ச், ரூட்டர் லெவல் டீட்டெய்ல் கேட்டா முடியாது.