ரெக்கார்டிங்குக்குக் கிட்டாரோடு விமானத்தில் போவது எப்படி?

கேள்வி: பெருநகர ஸ்டுடியோவில் இரண்டு நாள் ரெக்கார்டிங். அக்கூஸ்டிக் கிட்டாரை எப்படிக் கொண்டுபோவது? ட்ராக்குகளை (ஒவ்வொரு கருவிக்கும் குரலுக்கும் தனித்தனியாகப் பதிந்த ஒலிக்கோப்புகளை) எப்படித் தயார் செய்வது?

பதில் 1: முடிந்தால் கேபினுக்குள் வையுங்க. லக்கேஜில் போட்டே ஆகணும்னா ஹார்டு கேஸ் கட்டாயம். கம்பிகளை, ஒலி ஒரு முழு சுரம் இறங்கும் அளவுக்குத் தளர்த்தினால் போதும், மொத்தமா அவிழ்க்காதீங்க. பெரும்பாலும் உடைவது தலையும் கழுத்தும் சேரும் இடம்தான்; தலைக்கு அடியிலும் இரு பக்கமும் துணியை இறுக்கமா அடைங்க. கேஸுக்குள்ளே ட்யூனர் (சுருதி பார்க்கும் கருவி), கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டும் கிளிப்) எதுவும் உருளக் கூடாது.

பதில் 2: விமானத்தில் பவர் பேங்க் எடுத்துப்போனா கைப்பையில்தான், அதன் கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் இருக்கணும்.

பதில் 3: சாம்பிள் ரேட்டை (ஒரு நொடியில் ஒலியை எத்தனை முறை அளந்து பதியணும்னு) முதலில் ஸ்டுடியோவில் கேளுங்க. பொதுவா 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) கோப்பு. ஒவ்வொரு ட்ராக்கும் பூஜ்ஜிய நொடியிலிருந்தே தொடங்கணும். இல்லைன்னா அங்கே அடுக்கும்போது தாளம் விலகும். டெம்போவும் (பாட்டின் வேகம்) சுருதியும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். பிரதி இரண்டு டிரைவில். புதுக் கம்பியை முந்தைய நாளே மாட்டுங்க, இழுத்து நிலைக்க நேரம் வேணும்.