இரண்டாவது சிலிண்டர் மட்டும் மக்கர், வழி சொல்லுங்களேன்

வணக்கம். என்னுடையது 2009இல் பதிவான 1.6 லிட்டர் பெட்ரோல் கார். 2019இல் சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) 10 வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன், ஆக 2029 வரை இதோடுதான் குடித்தனம்.

காலையில் சமத்தாகக் கிளம்புகிறது. எஞ்சின் சூடானபின் சிக்னலில் நின்றால் ஒரே உதறல். பிஐஇ விரைவுச்சாலையில் வேகமெடுத்தால் அடங்கிவிடுகிறது. ஸ்கேனரில் பி0302 (இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்ற கோட்) மட்டுமே. பிளக் நான்கும் மாற்றியாச்சு. இரண்டாவது சிலிண்டர் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் தருவது) மூன்றாவதில் மாட்டியும் பார்த்தேன். காயில் கோளாறென்றால் பி0303 என்று மாறியிருக்க வேண்டுமே, மாறவில்லை. அப்படியும் ஒர்க்‌ஷாப்காரர் நான்கு காயிலையும் மாற்றச் சொல்கிறார். எதற்கென்றுதான் புரியவில்லை.

இன்ஜெக்டரா, இன்டேக் கேஸ்கெட்டில் காற்றுக் கசிவா, வால்வ் இடைவெளி குறைந்துவிட்டதா? உபி, சின் மிங் பக்கம் முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்துவிட்டு அப்புறம் பேசும் மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.