சம்பவ நேரத்தில் ஆள் வேறு ஊரில்: நிரூபிக்க எது போதும்?

கேள்வி: கொலை முயற்சி வழக்கு. எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) அன்று 40 கி.மீ. தள்ளி ஒரு லாட்ஜில் இருந்தார் என்பது நம் வாதம். செல்போன் டவர் விவரமும் லாட்ஜ் சிசிடிவியும் போதுமா சார்?

பதில் 1: முதலில் சிசிடிவியைப் பிடியுங்கள். டிவிஆர் (கேமரா காட்சியைப் பதிவு செய்யும் கருவி) பழைய பதிவை அழித்துக்கொண்டே எழுதும். பல இடங்களில் 15, 30 நாள்தான். லாட்ஜுக்கு இன்றே நோட்டீஸ் கொடுத்துவிட்டு, பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 94-ல், பதிவைக் கோர்ட்டில் ஒப்படைக்க உத்தரவு கேட்டு மனு போடுங்கள். பென்டிரைவ் நகலுக்குப் புதிய சாட்சியச் சட்டம் 63(4) சான்றிதழ் கட்டாயம்: பகுதி ‘அ’ கருவியைக் கையாள்பவர், பகுதி ‘ஆ’ நிபுணர். ஹாஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்-எழுத்துக் குறியீடு) விடுபட்டால் எதிர்த்தரப்பு அங்கேதான் குத்தும். டிவிஆர் கடிகாரம் சரியான நேரத்தோடு எத்தனை நிமிஷம் வித்தியாசம் என்பதையும் குறித்து வையுங்கள். பலர் கோட்டை விடுவது இதில்தான்.

பதில் 2: டவர் காட்டுவது போனை, ஆளை அல்ல. அதுவும் டவரின் எந்தப் பக்கம் என்ற அளவுக்குத்தான். கிராமப்புறத்தில் சில கிலோமீட்டர் பிசகும். அந்த நேரத்தில் அவரே பேசினார் என்று மறுமுனையில் பேசியவர் சாட்சி சொன்னால் கனம் கூடும்.

பதில் 3: அதே சாட்சியச் சட்டம் பிரிவு 106-ன்படி, வேறு இடத்தில் இருந்தார் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல். பிரிவு 9-ன் உதாரணத்தில் குற்றம் சென்னையில், ஆள் லடாக்கில். உங்களுக்கு 40 கி.மீ.தான், பைக்கில் ஒரு மணி நேரம். இரவு எட்டுக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்து, பத்துக்குச் சம்பவம் என்றால் வாதம் நிற்காது. இடைவெளியை அடைக்கும் சாட்சி வேண்டும்.