தெரிந்த முகத்துக்கா, தேவைப்பட்ட கைக்கா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கல்லடிக்காரன்:
2004 டிசம்பர், மட்டக்களப்பில் சுனாமிக் கடல் வந்து நாலாம் நாள். பள்ளிக்கூட முகாமில் சாமான் கொடுக்கிற மேசையில் நான். மிஞ்சியது ஒரே ஒரு பால்மா பெட்டி. வரிசையில் முன்னுக்கு நாவலடிப் பெண் ஒருத்தி, இடுப்பில் பிள்ளை. இரண்டு பேர் தள்ளி என் கூட்டாளியின் அம்மா. பெட்டியைக் காலால் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, "முடிஞ்சிது அக்கா" என்றேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. கொண்டுவந்த சொப்பிங் பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். கூட்டாளி வீட்டில் பால் குடிக்கிற பிள்ளையே இல்லை, தேத்தண்ணிக்குத்தான். அது எனக்கு அப்போதே தெரியும்.

வட்டைப் பொடியன்:
நான் அக்கரைப்பற்று. வயல் ஸக்காத்துக்கு, அதாவது விளைச்சலில் ஏழைகளுக்குக் கொடுக்கிற மார்க்கக் கடமைக்கு, கணக்கு இருக்கிறது: மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, செலவழித்துத் தண்ணீர் இறைத்தால் இருபதில் ஒன்று. அதில் வாப்பா ஒரு மணி குறைக்கமாட்டார். ஆனால் அளக்கிறபோது பார்க்க வேண்டும். கூட்டாளியின் சாக்குக்கு, நெல் அளக்கிற மரைக்காலைக் கூம்பாகக் குவித்து அளப்பார். ஊர் பேர் தெரியாத கிழவிக்கு உள்ளங்கையால் வழித்துவிட்டு அளப்பார். கூட்டாளியும் ஏழைதான், சரி. அந்த வழித்த கைதான் எனக்கு மறக்கவில்லை.

புளியந்தீவு டீச்சர்:
தம்பி, வாப்பாவைக் குறை சொல்லாதீர்கள், மனிதர் எல்லோரும் அப்படித்தான். 2006இல் பிரையன் ஜோன்ஸ், ஹோவர்ட் ரக்லின் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தெரிந்த நூறு பேரை, ஆக நெருக்கமானவர் 1, முகம் மட்டும் தெரிந்தவர் 100 என்று மனதில் வரிசைப்படுத்தச் சொன்னார்கள். அந்த வரிசையில் ஒரு ஆளுக்கு 75 டொலர் கிடைக்க உங்கள் பங்கில் எவ்வளவை விடுவீர்கள் என்பது கேள்வி. ஆள் தூரமாகத் தூரமாகத் தொகை இறங்கியது, முதலில் மளமளவென்று, பிறகு மெல்ல. ஆகவே கல்லடிக்காரன், பிழை உங்களில் இல்லை, ஒழுங்கில். சொந்த ஊர் வரிசைக்குச் சொந்த ஊர் ஆளை விடக்கூடாது. மேசையில் இரண்டு பேர் நிற்க வேண்டும். எல்லோருக்கும் இலக்கத் துண்டு கொடுத்திருக்க வேண்டும். என் கதையா? 2011 ஜனவரி வெள்ளத்தில் உழவு மெஷினில் வந்த யாரோ எங்களுக்குப் பாண் தந்தார். யாரென்று இன்றுவரை தெரியாது.

வட்டைப் பொடியன்:
பாண் தந்தவருக்கு நீங்கள் எத்தனையாம் ஆள் டீச்சர்? 100க்கும் அங்கால்தானே?

கல்லடிக்காரன்:
துண்டு அன்றைக்கும் இருந்தது டீச்சர். இலக்கம் எழுதிக் கொடுத்ததே நான். அவளுடையது 41. கூட்டாளியின் அம்மா துண்டே எடுக்கவில்லை.